இரண்டு சிசேரியன்களுக்குப் பின் டம்மி டக்: 36 வயது ஆசிரியை ஒருவரின் ஓராண்டு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய பெண்ணுக்கு வயது 36. தென்மாவட்ட ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகளும் சிசேரியனில் பிறந்தவர்கள். இரண்டாவது பிரசவத்தின்போதே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் செய்துகொண்டார். அவருடைய ஒப்புதலுடன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டு இதை எழுதுகிறேன். டம்மி டக் (தளர்ந்த வயிற்றுத் தோலை அகற்றி, விலகிய வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைக்கும் அறுவை) பற்றிக் கேட்டு வருகிறவர்களில் பலருடைய உடல்நிலையும் எதிர்பார்ப்பும் ஏறத்தாழ இவருடையதைப் போலவே இருக்கின்றன. ஆகவே, இந்தச் சிகிச்சையை யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவர் தமக்கு என்னென்ன நேரக்கூடும் என்பதை இந்த ஒரு நிகழ்விலிருந்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

"பதினாறு கிலோ குறைச்சுட்டேன் டாக்டரம்மா, வயிறு மட்டும் அப்படியே நிக்குது. அந்தக் கொழுப்பை மட்டும் எடுத்துவிட்டுடுங்க" என்பதுதான் அவர் முதலில் கேட்டது. இரண்டாவது பிரசவத்துக்குப் பின் 82 கிலோவாக இருந்த எடையை, உணவுக் கட்டுப்பாட்டாலும் நடையாலும் 66 கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தார். உயரம் 158 செ.மீ.; உடல் நிறை குறியீட்டெண் 26.4. தொப்புளுக்குக் கீழே தோல் மடிந்து தொங்கி, பழைய சிசேரியன் தழும்பை முழுதாக மூடியிருந்தது. மடிப்பின் அடியில் தோல் கறுத்து, ஈரம் தங்கி, ஆங்காங்கே உரிந்திருந்தது. ஒவ்வொரு கோடையிலும் அந்த இடத்தில் அரிப்பும் புண்ணும் வருவதாகவும், பவுடரும் களிம்பும் போட்டே காலம் தள்ளுவதாகவும் சொன்னார். வகுப்பில் நின்று பாடம் நடத்தினால் மாலையில் முதுகு வலிக்கும் என்பது அவருடைய இன்னொரு குறை.

பரிசோதனையில் எதை முதலில் பார்க்கிறோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாருக்கு இந்த அறுவை பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. அவரை மல்லாந்து படுக்கச் சொன்னேன். படுத்ததும் வயிறு விலா எலும்புகளின் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்தது. இது நல்ல அறிகுறி. படுத்த பிறகும் வயிறு மேடாகவே நிற்கிறதென்றால், கொழுப்பு தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றிச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கொழுப்பை டம்மி டக்கோ, குழாயால் கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் லைப்போசக்‌ஷனோ தொடவே முடியாது. எடை குறைந்தால் மட்டுமே அது குறையும். பிறகு, கைகளை ஊன்றாமல் தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேலே வயிற்றின் நடுவில் நீளவாக்கில் ஒரு புடைப்பு எழுந்தது. அதன் இருபுறத்திலும் இறுகி நின்ற தசைகளுக்கு நடுவே என் நான்கு விரல்கள் தடையின்றி அமிழ்ந்தன. ஸ்கேனில் அந்த இடைவெளி 4.5 செ.மீ. என்று பதிவானது, 2 செ.மீட்டருக்கு மேல் இருந்தாலே அதைத் தசை விலகல் என்கிறோம். தொப்புளில் 1 செ.மீட்டருக்கும் குறைவான சிறு ஹெர்னியாவும் இருந்தது. அது இருப்பது அவருக்கே தெரியாது.

மார்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை வயிற்றின் முன்புறத்தில் இரண்டு தசைப்பட்டைகள் இறங்குகின்றன. அவற்றை நடுவில் பிணைத்திருப்பது வலுவான நார்த்திசு. கர்ப்பத்தில் வயிறு வளர வளர அந்தத் திசு அகன்று மெலிகிறது. பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் அது பெருமளவு சுருங்கிவிடும், சிலருக்குச் சுருங்குவதில்லை. தசைக்குப் பயிற்சி கொடுத்தால் தசை வலுப்பெறும், விலகலும் ஓரளவு குறையலாம், ஆனால் இவ்வளவு அகன்று நீண்டுபோன நார்த்திசு பயிற்சியால் பழைய அளவுக்குத் திரும்புவதை எதிர்பார்க்க முடியாது. உடன் வந்திருந்த அவருடைய தாயார், "பிள்ளை பெத்ததும் நான் வயித்தைக் கட்டச் சொன்னேன், இவ கேக்கலை" என்று வருத்தத்துடன் சொன்னார். வயிற்றைத் துணியால் கட்டுவது பிரசவித்த பெண்ணுக்கு நிமிர்ந்து நிற்கவும் இருமவும் ஆதரவாக இருக்கும், உண்மை. அதைச் செய்யாததால்தான் மகளுக்கு இந்த நிலை வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்பதை அந்தத் தாயாரிடம் நான் தெளிவாகச் சொன்னேன், ஏனென்றால் மகள் அந்தக் குற்றவுணர்வை ஐந்து ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஆக, அவர் கேட்டு வந்தது கொழுப்பு நீக்கம். அவருக்குத் தேவைப்பட்டதோ தளர்ந்த தோலை அகற்றுவதும், விலகிய தசைச் சுவரைச் சேர்த்துத் தைப்பதும். லைப்போசக்‌ஷன் மட்டும் செய்திருந்தால் தோல் இன்னும் தொங்கியிருக்கும், நடுப்புடைப்பு அப்படியே இருந்திருக்கும். எடையைக் குறைக்கும் வழியாக டம்மி டக்கை எண்ணி வருகிறவர்களிடம் இந்த வேறுபாட்டைப் புரியவைக்காமல் அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்வது நேர்மையாகாது என்பது என் உறுதியான கருத்து.

காத்திருந்த நான்கு மாதங்கள்

உடனே தேதி கொடுக்கவில்லை. ஹீமோகுளோபின் 9.4 கிராம் இருந்தது. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்ததால் ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எடையும் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ வீதம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த மூன்றில் ஒவ்வொன்றுமே தள்ளிப்போடுவதற்குப் போதுமான காரணம். இறங்கிக்கொண்டிருக்கும் எடையில் தோலை அளந்து வெட்டினால், மேலும் எடை குறையும்போது மீண்டும் தளர்ச்சி வரும். ரத்தசோகை இருந்தால் காயம் ஆறத் தாமதமாகும், ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் வரலாம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். அழகியல் அறுவைகளில் கால் ரத்தக்குழாய்களில் ரத்தக்கட்டி உருவாகும் அபாயம் மிகுந்தவற்றில் டம்மி டக்கும் ஒன்று. அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மகப்பேறு மருத்துவருடன் பேசி, மாத்திரையை நிறுத்தி, கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனத்துக்கு மாற்றினோம். இரும்புச்சத்து மாத்திரையில் ஹீமோகுளோபின் 12.1 கிராமுக்கு ஏறியது. எடை 64 கிலோவில் வந்து நின்றது.

அவர் புகைப்பதில்லை. வீட்டில் கணவர் புகைப்பார் என்பதை நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார். தொப்புளுக்குக் கீழே கடைசியில் தைக்கப்படும் தோலுக்கு, அறுவைக்குப் பின் ரத்தம் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்துதான் வந்து சேர வேண்டும். நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிட்டால் நடுப்பகுதித் தோல் கறுத்து அழுகிப்போக நேரலாம். எனவே புகைப்பவர் என்றால் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்னும் நான்கு வாரம் பின்னும் முற்றிலும் நிறுத்த வேண்டும், குறைத்துக்கொண்டேன் என்பது போதாது. கணவரையும் அழைத்து, வீட்டுக்குள் புகைப்பதை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டோம்.

இந்தக் காத்திருப்பில் அவர் இரண்டு கோரிக்கைகள் வைத்தார். கைகளிலும் லைப்போசக்‌ஷன் செய்ய முடியுமா என்பது முதலாவது. மயக்கத்தில் இருக்கும் நேரம் கூடக் கூட ரத்தக்கட்டி அபாயமும் கூடும் என்பதால் மறுத்துவிட்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துத் தரும் தொகுப்புச் சிகிச்சை விளம்பரங்களை அவர் கைப்பேசியில் காட்டினார். அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. மருத்துவக் காப்பீடு கிடைக்குமா என்பது இரண்டாவது. இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கும் நிலையான விலக்குகளில் அழகியல் அறுவை அடங்கும் என்பதால், முழுச் செலவையும் கையிலிருந்தே எதிர்பார்த்துக்கொள்ளும்படி சொன்னோம்.

தழும்பைப் பற்றிய பேச்சு

டம்மி டக் செய்துகொள்ளும் ஒவ்வொருவரும், தொங்கும் தோலைக் கொடுத்துவிட்டு ஒரு நீண்ட தழும்பை ஏற்றுக்கொள்கிறார்கள். அது ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை செல்லும். ஒருபோதும் மறையாது, ஒன்றரை ஆண்டு வரை நிறமும் தடிப்பும் மாறிக்கொண்டே இருந்து பிறகு அடங்கும். நம்முடைய தோல்நிறத்தில் தழும்பு தடித்துக் கறுக்கும் வாய்ப்பு அதிகம். தொப்புளைச் சுற்றியும் ஒரு தழும்பு வரும். தொப்புளுக்குக் கீழே இருக்கும் பிரசவ வரிகள் அகற்றப்படும் தோலோடு போய்விடும், மேலே இருப்பவை சற்றுக் கீழிறங்கி இருக்கும்.

சேலை கட்டுகிறவர்களிடம், வழக்கமாக உடுத்தும் உள்பாவாடையையும் உள்ளாடையையும் கொண்டுவரச் சொல்வேன். பாவாடை நாடா எங்கே பதிகிறது என்பதைத் தோலில் குறித்துக்கொண்டு, தழும்பு அதற்கு வெகு கீழே வரும்படி கோடு வரைவோம். நாடா உரசும் இடத்தில் தழும்பு அமைந்தால் அரிப்பும் தடிப்பும் ஓயாது. இவருக்கும் அப்படியே, அறுவைக்கு முந்தைய மாலை நிற்கவைத்து வரைந்தோம். படுத்த நிலையில் தோல் நகர்ந்துவிடும் என்பதால் இந்தக் கோடுகளை நின்ற நிலையில்தான் வரைய வேண்டும். கண்ணாடியில் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அவர் சிறிது நேரம் பேசவில்லை. எத்தனை படம் காட்டினாலும், தன் உடம்பிலேயே அந்த நீளத்தைப் பார்க்கும்போதுதான் பலருக்கும் உண்மை உறைக்கிறது. வேண்டாம் என்று தோன்றினால் இப்போதுகூட நிறுத்திவிடலாம் என்று சொன்னேன். அவர் தொடரவே விரும்பினார்.

அறுவை

இந்த அறுவைக்கு நூற்றாண்டு தாண்டிய வரலாறு உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மகளிர் மருத்துவர் ஹோவர்டு கெல்லி 1899-இல் தொங்கும் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வெட்டியெடுத்ததைப் பதிவு செய்தார். தொப்புளைத் தண்டோடு அதன் இடத்திலேயே நிறுத்தி, கீழிழுத்த தோலில் புதுத் துளையிட்டு வெளியே கொண்டுவரும் முறையை 1957-இல் வெர்னன் என்ற மருத்துவர் விவரித்தார். இன்று நாம் செய்வதும் அடிப்படையில் அதுவே.

இவருக்கு முழு மயக்கம் கொடுத்து, கெண்டைக்கால்களில் விட்டுவிட்டு அழுத்தும் காற்றுப் பட்டைகளைக் கட்டிய பிறகு தொடங்கினோம். கீழ்க்கோட்டில் கீறி, தோலையும் கொழுப்பையும் தசைச் சுவரிலிருந்து விலா வரை பிரித்து மேலே தூக்கினோம். தொப்புளைச் சுற்றி வெட்டித் தண்டோடு விட்டோம். ஹெர்னியாவைத் தைக்கும்போது மிகுந்த கவனம் வேண்டியிருந்தது, தொப்புளுக்கு இப்போது ரத்தம் வருவது அந்தத் தண்டின் வழியாக மட்டும்தான். பிறகு மார்பெலும்பின் நுனியிலிருந்து கீழ்வரை விலகிய தசைகளை இரண்டு அடுக்குத் தையலில் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தோம். இடுப்பின் பக்கங்களில் மட்டும் சிறிதளவு லைப்போசக்‌ஷன் செய்தோம். மேசையை இடுப்பளவில் மடித்து, மேல்தோலைக் கீழே இழுத்து, மிகுதியை வெட்டினோம். அகற்றிய தோலும் கொழுப்பும் சேர்ந்து 1.9 கிலோ. தோலின் அடிப்பக்கத்தைத் தசையுறையோடு ஆங்காங்கே தைத்து இடைவெளியைக் குறைத்து, உள்ளே சேரும் நீரை வெளியேற்ற இரண்டு டிரெயின் குழாய்கள் வைத்து மூடினோம். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது.

அகற்றிய எடை பலரை ஏமாற்றமடையச் செய்கிறது. அறுவைக்குப் பின் வரும் நீர்கோப்பினால் முதல் வாரத்தில் தராசு கூடுதலாகக்கூடக் காட்டும்.

முதல் பத்து நாட்கள்

அவருடைய ஊர் நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தது. நீண்ட நேரம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது ரத்தக்கட்டிக்கு வழிவகுக்கும் என்பதால், முதல் பத்து நாட்கள் மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டிலேயே தங்கச் சொன்னோம். அறுவை முடிந்த அன்று மாலையே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், இரவில் கழிப்பறை வரை நடந்தார். மறுநாள் காலையிலிருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசி 7 நாட்களுக்குப் போடப்பட்டது.

வலி எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெட்டிய தோல் பெரிதாக வலிப்பதில்லை, அந்தப் பகுதி மரத்துப்போயிருக்கும். வலிப்பது உள்ளே தைத்த தசைச் சுவர்தான். "உள்ளுக்குள்ள யாரோ பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்று இவர் சொன்னதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது. இருமல், தும்மல், சிரிப்பு, மலம் கழிக்க முக்குதல் ஆகிய நான்கும் முதல் வாரத்தில் சிரமம் தரும். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தோம். மலச்சிக்கல் வராமல் இருக்க முதல் நாளிலிருந்தே மருந்து கொடுத்தோம். தரையில் குந்தும் கழிப்பறையை ஆறு வாரத்துக்குத் தவிர்க்கச் சொன்னதால், உறவினர் வீட்டில் அதற்கான நாற்காலி ஒன்றை வாங்கிவைத்தார்கள். முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் தலையணை வைத்து, உடலை மடித்த நிலையில் தூங்க வேண்டும்; முன்பக்கம் குனிந்தே நடக்க வேண்டும். எட்டாம் நாளுக்குப் பிறகுதான் அவரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர முடிந்தது.

மூன்றாம் நாள் பார்வையிடச் சென்றபோது தட்டில் ரசம் சாதம் மட்டும் இருந்தது. பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் தாயார் நிறுத்தியிருந்தார். "பருப்பு போட்டா சீழ் வைக்குமேன்னுதான் டாக்டரம்மா" என்றார். அன்பினால் செய்வதுதான், ஆனால் இத்தனை நீளமான காயம் ஆறப் புரதம் வேண்டும். சீழ் வைப்பது கிருமியால், பருப்பால் அன்று என்று எடுத்துச் சொன்ன பிறகு, அன்று மாலையே முட்டை வந்தது. காயத்தில் மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவைத்தோம்.

டிரெயினில் 24 மணி நேரத்தில் சேரும் நீர் 30 மி.லிட்டருக்குக் குறைந்து இரண்டு நாட்கள் தொடர்ந்த பிறகு, ஒரு குழாயை 7-ஆம் நாளும் மற்றதை 9-ஆம் நாளும் எடுத்தோம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ எங்களுக்காகக் காத்திராமல் அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

வீடு திரும்பிய பின்

16-ஆம் நாள் பரிசோதனையில், அடிவயிற்றின் ஒருபுறம் தட்டினால் மறுபுறம் அலை தெரிந்தது. தோலுக்கும் தசையுறைக்கும் இடையில் நீர் சேரும் செரோமா இது. இந்த அறுவையில் அடிக்கடி காணும் சிக்கல்களில் ஒன்று. ஊசியால் 85 மி.லி. தெளிந்த மஞ்சள் நீரை எடுத்தோம். அந்த இடம் மரத்திருந்ததால் ஊசி குத்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. அடுத்த இரண்டு வாரங்களில் 40, 15 என்று குறைந்து நின்றது. வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட்டை இரவும் பகலும் ஆறு வாரம் போடச் சொல்லியிருந்தோம். புழுக்கம் தாங்காமல் பிற்பகலில் கழற்றிவைத்ததாகச் சொன்னார். இந்த ஊர் வெயிலில் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பருத்தி உள்பனியன் மேல் போடவும், மாற்றிக்கொள்ள இரண்டாவது பெல்ட் வாங்கவும் ஏற்பாடு செய்தபின் நிலைமை சீரானது.

மூன்றாம் வாரத்தில் மனச்சோர்வு வந்தது. காலையில் தட்டையாக இருக்கும் வயிறு மாலையில் வீங்கி இறுகும். பிள்ளையைத் தூக்க முடியாது. சமையலுக்கும் துணிக்கும் பிறரைச் சார்ந்திருக்க வேண்டும். தொலைபேசியில் அழுதார், ஏன் செய்துகொண்டோம் என்று இருக்கிறது என்றார். இந்தக் கட்டம் வரும் என்பதை முன்பே சொல்லி, அது கணவர் காதிலும் விழும்படி செய்திருந்தது உதவியது, அவரே அழைத்துவந்தார். வீக்கம் முழுதாக வடிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும் என்பதை மீண்டும் விளக்கினோம். நான்காம் வாரம் பள்ளிக்குத் திரும்பினார், நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்த தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றிருந்தார். 5 கிலோவுக்கு மேல் எதையும் எட்டு வாரம் வரை தூக்கவில்லை. தண்ணீர்க்குடமும் சிலிண்டரும் இதில் அடங்கும் என்று சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லாவிட்டால் தூக்கிவிடுகிறார்கள்.

தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லாதிருப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். மாதவிடாய் வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இருந்தது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. அங்கே வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்து கொப்புளமாகும்வரைகூட உணர முடியாமல் போகலாம். வீட்டிலிருந்த பையை அலமாரியில் பூட்டிவைக்கச் சொன்னோம்.

ஓராண்டு முடிவில்

எடை 65 கிலோ. படுத்துத் தலையைத் தூக்கினால் நடுவில் புடைப்பு இல்லை. ஸ்கேனில் தசைகள் ஒட்டியிருக்கின்றன, ஹெர்னியா திரும்பவில்லை. கடந்த கோடையில் மடிப்புப் புண் வரவே இல்லை. தனக்குக் கிடைத்தவற்றில் முதலாவதாக அவர் சொன்னது இதைத்தான். முதுகுவலி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. அதற்கு நீண்ட நேரம் நிற்பதும் ஒரு காரணம், இந்த அறுவை அதை முழுதாகத் தீர்க்கும் என்று நாங்கள் சொல்லவுமில்லை. தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி இன்னும் மங்கலாகவே இருக்கிறது. அதில் ஒரு பகுதி நிரந்தரமாக அப்படியே இருந்துவிடலாம்.

தழும்பின் நடுப்பகுதி தட்டையாகி வெளிறியிருக்கிறது. இடது முனையில் இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தடித்து அரித்தது. சிலிகான் பட்டை ஆறு மாதம் போட்டும் அடங்காததால் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி இரண்டு முறை போட்டிருக்கிறோம், தடிப்பு பாதியாகியிருக்கிறது, மூன்றாவது ஊசி அடுத்த மாதம். வலது இடுப்பில் தழும்பு முடியும் இடத்தில் தோல் சிறிதாகக் கூம்பி நிற்கிறது. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். காலாண்டு விடுமுறை போதாது, விடைத்தாள் வேலை இருக்கும் என்பதால், அதைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.